மே வெயிலுக்குப் பிறகு சுண்டெலிகள் குட்டி போடவில்லை. வேலூர்ப் பக்கம் அனிமல் ஹவுஸ் பார்ப்பவர்கள் உதவுங்கள்

சேவூர்_மாணவி | ஜூன் 9, இரவு 10.40

வணக்கம். வேலூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் துறையின் அனிமல் ஹவுஸை (ஆய்வு விலங்குகளை வளர்க்கும் இடம்) போன நவம்பரிலிருந்து நான்தான் கவனிக்கிறேன். ஸ்விஸ் அல்பினோ என்ற வெள்ளைச் சுண்டெலி 3 ஆண், 30 பெண். பக்கத்து அறையில் இன்னொரு ஆய்வு மாணவரின் விஸ்டர் இன எலிகள்.

மார்ச் வரை ஈற்றுக்கு 9, 10 குட்டி கிடைத்தது. மே கடைசியிலிருந்து நிலைமை மோசம். ஜோடி சேர்த்த 14 பெண்களில் 4 மட்டுமே ஈன்றன. அதிலும் இரண்டு தாய்கள் மறுநாளே குட்டிகளைத் தின்றுவிட்டன. கூண்டைத் திறந்தபோது கண்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆண் சரியில்லையோ என்று, சேர்த்த இரண்டாம் நாளே வேறு ஆணை மாற்றி விட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. தீவனத்தில் குறை வைக்கவில்லை. ஜனவரியில் வாங்கிய பெல்லட் இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது. ஜூலையில் பரிசோதனைக்கு 48 குட்டி வேண்டும். எங்கே தப்பு நடக்கிறது?

திருவலம்_பெரியவர் | ஜூன் 9, இரவு 11.15

அம்மா, நான் 31 வருடம் அனிமல் ஹவுஸில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கேட்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அறை வெப்பம் எவ்வளவு இருந்தது, எழுதி வைத்திருக்கிறீர்களா? கரண்ட் போனதா? மூட்டைகள் எங்கே இருக்கின்றன? கூண்டில் என்ன பரப்புகிறீர்கள்? அந்த மூன்று ஆணுக்கும் அப்பன் யார்?

சேவூர்_மாணவி | ஜூன் 10, காலை 7.05

ஐயா, கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். மே 4, 5 இரண்டு நாளும் டிரான்ஸ்பார்மர் பழுது. ஏசி ஓடவில்லை. சுவர் வெப்பமானி 38 காட்டியது. அப்புறம் ஒரு ஏசி மட்டும் ஓடியது, இன்னொன்றை மே 20 அன்றுதான் சரி செய்தார்கள். மூட்டைகள் மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில். கூண்டில் மரத்தூள். காட்பாடிப் பக்கம் ஒரு மரப்பட்டறையிலிருந்து வருகிறது, எல்லா மரமும் கலந்திருக்கும். ஆண்கள் மூன்றும் ஒரே ஈற்றுச் சகோதரர்கள். அவற்றின் அப்பா எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லட் எடுத்துவர ஆள் இல்லை. அன்று விடுதிச் சோறுதான்.

திருவலம்_பெரியவர் | ஜூன் 10, காலை 9.30

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி அம்மா. முதலில் வெயிலைப் பார்ப்போம்.

சுண்டெலிக்கும் எலிக்கும் 20 முதல் 26 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். நம் நாட்டு வழிகாட்டி 18 முதல் 29 வரை இடம் கொடுக்கிறது. 38 எதிலும் அடங்காது. பெண் சூடுபட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், தீவனம் குறையும், தண்ணீர் கூடும். ஆண் சூடுபட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. நன்றாக ஓடும், சேரும், ஆனால் விதைக்குள் வளர்ந்துகொண்டிருந்த அணுக்கள் கெட்டுப் போயிருக்கும். சுண்டெலிக்கு விந்தணு உருவாக 35 நாள், அது முதிர்ந்து வெளியே வர மேலும் ஒரு வாரம், பத்து நாள். மே 4இல் பட்ட அடி மே கடைசியிலும் ஜூனிலும் ஈற்றுக் குறைவாக வெளியே வரும். நீங்கள் கணக்குப் பார்த்தது ஜூனில், காரணம் இருப்பது மே முதல் வாரத்தில். ஜூன் 20 தாண்டி அதே ஆண்களைச் சேர்த்தால் ஓரளவு திரும்பி வரும்.

நம் ஊரில் வெப்பத்தை அலட்சியமாக நினைக்கவே கூடாது. கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொழுநோய்க் கிருமியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. 1960இல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர் அதைச் சுண்டெலியின் உள்ளங்காலில் வளர்த்துக் காட்டினார். உடம்பின் மற்ற இடத்தைவிட உள்ளங்கால் குளிர்ச்சி, அந்தக் கிருமிக்கு அது பிடிக்கிறது. கால் திசு 27 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் நன்றாக வளரும். கிருமி ஒன்று இரண்டாக ஏறத்தாழ 12, 13 நாள் ஆகும், ஒரு சோதனை முடிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று கரிகிரியில் இந்த முறையில்தான் பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு வருடச் சோதனையில் நடுவே அறை சூடானால் கிருமி வளராததற்குக் காரணம் மருந்தா, வெயிலா? கத்திரி வெயில் அடிக்கும் ஊரில் அந்த வேலையைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அப்புறம், ஆணை இரண்டாம் நாளே மாற்றியதைப் பற்றி வாலாஜா டாக்டர் வந்து சொல்வார்.

வாலாஜா_கால்நடை | ஜூன் 10, மதியம் 1.20

பெரியவர் கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன்.

சேர்ந்து கரு பதிவதற்கு முன், முதல் நான்கு நாளுக்குள், பெண் சுண்டெலிக்கு அறிமுகமில்லாத ஆணின் வாசனை பட்டால் கர்ப்பம் கலைந்து அது மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஹில்டா புரூஸ் 1959இல் கண்டது இது, அவர் பெயரிலேயே புரூஸ் விளைவு என்கிறோம். முதல் ஆணால் தங்கியிருந்த ஒன்றிரண்டும் நீங்கள் ஆணை மாற்றியதில் போயிருக்கலாம். இனிமேல் ஒரு ஆணை விட்டால் குறைந்தது இரண்டு வாரம் கை வைக்காதீர்கள்.

குட்டியைத் தின்பது பற்றி. முதல் ஈற்றுத் தாய், சத்தம், அடிக்கடி கூண்டைத் திறப்பது, எல்லாமே காரணமாகலாம். ஆனால் வேலூரில் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்க் குழாய் முனையைத்தான். நம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். பாலாற்றங்கரையில் கேட்கவே வேண்டாம். புட்டியின் குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்து, தண்ணீரை விடும் சின்னக் குண்டு அசையாமல் நின்றுவிடும். புட்டி நிறையத் தண்ணீர் தெரியும், எலியின் வாய்க்கு ஒரு சொட்டும் போகாது. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும், தண்ணீரும் அப்படியே. தாகத்தில் இருக்கும் தாய் குட்டியைத் தின்னும். இன்று மாலையே ஒவ்வொரு முனையையும் விரலால் தட்டிப் பாருங்கள். முடிந்தால் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

சேவூர்_மாணவி | ஜூன் 10, இரவு 8.50

33 புட்டியில் 6 புட்டிக்குக் குண்டு அசையவில்லை சார். தின்றுவிட்ட இரண்டு தாய்களில் ஒன்றின் கூண்டும் அந்த ஆறில் இருக்கிறது. வினிகரில் ஊறப்போட்டிருக்கிறேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

காட்பாடி_மரபியல் | ஜூன் 11, காலை 6.40

வருத்தப்படாதே தங்கச்சி. யாரும் சொல்லித் தராத வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள். நான் மரபியல் சொல்லிக்கொடுக்கிறவள், அந்தப் பக்கத்தைப் பேசுகிறேன்.

ஸ்விஸ் என்பது கலப்பு வழி, அதாவது நெருங்கின உறவைத் தவிர்த்துச் சேர்ப்பது. உறவுக்குள்ளேயே சேர்த்து வளர்க்கும் உள்வழி இனம் அல்ல. 1926இல் கிளாரா லிஞ்ச் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து 2 ஆண், 7 பெண் மட்டும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். உலகமெங்கும் உள்ள ஸ்விஸ் சுண்டெலிகளின் மூதாதையர் அவைதான். தொடக்கமே குறுகியது. அதை மேலும் குறுக்கக் கூடாது.

30 பெண் இருக்கிறதே என்று நினைக்கிறோம். மரபணு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 3 ஆண், 30 பெண் என்றால் 360ஐ 33ஆல் வகுக்க 10.9 வரும். அதாவது உன் கூட்டம் 33 அல்ல, 11 போலத்தான் நடந்துகொள்ளும். உறவுக் கலப்பு தலைமுறைக்கு 4.6 சதவீதம் ஏறும். சுண்டெலிக்கு வருடத்துக்கு 4 தலைமுறை சாதாரணம். ஒரே வருடத்தில் 17 சதவீதம் ஆகிவிடும். இது மூன்று ஆணும் உறவில்லாதவை என்று வைத்துச் சொன்ன கணக்கு. உன் ஆண்களோ கூடப்பிறந்தவை. நிலைமை இதைவிட மோசம். ஈற்றில் குட்டி குறைவது, சவலை விழுவது, தாய்மை கெடுவது, எல்லாம் இதில் வரும். அதற்குப் பதில் 25 ஆண், 25 பெண் வைத்துச் சுழற்சி முறையில் சேர்த்தால் தலைமுறைக்கு 1 சதவீதத்தில் நின்றுவிடும்.

நெருங்கின உறவில் சேர்ப்பதே தப்பு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் தங்கையைத் தொடர்ந்து 20 தலைமுறை சேர்த்தால் 98.6 சதவீதம் ஒரே மாதிரியான உள்வழி இனம் வரும். கிளாரன்ஸ் லிட்டில் 1909இல் டிபிஏ இனத்தை அப்படித் தொடங்கினார், 1921இல் சி57பிஎல். வழியில் நிறைய கிளைகள் அழிந்தன, நின்றவை நின்றன. அது தெரிந்து, எழுதி வைத்துச் செய்யும் வேலை. நம் கல்லூரிகளில் நடப்பது தெரியாமல் செய்யும் பாதி உள்வழி. அதற்குக் கலப்பு வழியின் வீரியமும் இல்லை, உள்வழியின் ஒரே சீரும் இல்லை. அதில் கிடைக்கும் முடிவை வைத்து என்ன எழுதினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

ஆம்பூர்_ஆய்வு | ஜூன் 11, காலை 10.10

அக்கா, இதோடு ஒரு கேள்வி. கொழுப்புத் தீவனம் கொடுத்து எடை கூட்டும் சோதனைக்கு பால்ப்-சி இனச் சுண்டெலி வாங்கினேன். 10 வாரம் ஆகியும் பெரிய வித்தியாசம் இல்லை. இனம்தான் காரணமா?

காட்பாடி_மரபியல் | ஜூன் 11, காலை 11.45

பெரும்பாலும் அதுதான். அந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுப்பது சி57பிஎல்/6, அது கொழுப்பில் சீக்கிரம் பருக்கும். பால்ப்-சி அவ்வளவு பருக்காது. சி57பிஎல்/6 வாங்கினாலும் ஜே (J) கிளையா, என் (N) கிளையா என்று கேட்டு வாங்குங்கள். 1951இல் பிரிந்த கிளைகள். ஜே கிளையில் என்என்டி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை, சர்க்கரையைக் கையாளும் விதமே மாறும். என் (N) கிளையில் விழித்திரையைக் கெடுக்கும் ஆர்டி8 மாற்றம் உண்டு. கண் ஆய்வு செய்கிறவர் அதை அறியாமல் வாங்கினால் போச்சு.

இன்னொன்று, உங்கள் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன போட்டீர்கள்? சாதாரண பெல்லட் போட்டிருந்தால், கொழுப்பு மட்டுமல்ல, நார், சோயா, தாது எல்லாமே இரண்டு குழுவுக்கும் வேறு. எதனால் எடை கூடியது என்று சொல்ல முடியாது. கொழுப்பு தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போகிற சுத்திகரித்த தீவனம்தான் ஒப்பீட்டுக்கு ஆகும்.

ஆரணி_செக்கு | ஜூன் 11, மாலை 5.30

நான் படித்தவன் இல்லை, கடலை வியாபாரம். தங்கச்சி எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் படித்தேன். மூட்டைச் சீட்டில் கடலைப் பிண்ணாக்கு என்று எழுதியிருக்கிறதா பாரும்மா. இருந்தால் கவனம். காய் பிடிக்கும் நேரத்தில் மழை இல்லாமல் காய்ந்தாலும், பறித்த பிறகு சரியாக உலர்த்தாமல் மூட்டை கட்டினாலும் பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாமல்கூட நஞ்சு இருக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழி செத்தது கடலைப் பிண்ணாக்கால்தான் என்று ஒரு கூட்டத்தில் அதிகாரி சொல்லக் கேட்டேன். வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது.

வாலாஜா_கால்நடை | ஜூன் 11, மாலை 6.15

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அந்த வான்கோழிச் சாவிலிருந்துதான் தெரியவந்தது. ஒரு திருத்தம் மட்டும். வளர்ந்த சுண்டெலி இந்த நஞ்சைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும், எலி தாங்காது. ஃபிஷர் இன எலிக்கு 100 கோடியில் 100 பங்கு கலந்து வாழ்நாள் முழுக்கக் கொடுத்தபோது எல்லா எலிக்கும் ஈரல் கட்டி வந்தது. அதனால் இந்தக் கவலை உங்கள் அறையைவிடப் பக்கத்து அறைக்குத்தான் அதிகம். அந்த மாணவர் எதைப் பற்றிச் செய்கிறார்?

சேவூர்_மாணவி | ஜூன் 11, இரவு 9.00

சார், அவர் செய்வது ஈரல் பாதுகாப்பு. பாராசிட்டமால் அதிக அளவில் கொடுத்து ஈரலைக் கெடுத்து, கீழாநெல்லிச் சாறு காப்பாற்றுகிறதா என்று பார்க்கிறார். அவருக்கும் அதே மூட்டை, அதே மரத்தூள்தான். சீட்டில் கடலைப் பிண்ணாக்கு என்று இருக்கிறது.

வாலாஜா_கால்நடை | ஜூன் 11, இரவு 9.40

அவரை உடனே இந்த இழையைப் படிக்கச் சொல்லுங்கள். பிண்ணாக்கு இருந்தாலே நஞ்சு இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆனால் சோதித்துப் பார்க்காமல் ஈரல் ஆய்வு செய்யக் கூடாது. எதுவும் கொடுக்காத குழுவின் ஈரலே முன்னால் கெட்டிருந்தால் எதை எதோடு ஒப்பிடுவார்?

மரத்தூளும் அதே அளவு முக்கியம். தேவதாரு, பைன் மாதிரி வாசனை மரத்தின் ஆவி ஈரல் நொதிகளைத் தூண்டிவிடும். அந்தப் படுக்கையில் இருக்கும் எலி மயக்க மருந்திலிருந்து சீக்கிரம் விழித்துக்கொள்வதை 1967லேயே கண்டார்கள். பாராசிட்டமாலை நஞ்சாக மாற்றுவதும் அதே நொதிக் குடும்பம்தான். பட்டறையில் இந்த வாரம் என்ன மரம் அறுத்தார்களோ அதைப் பொறுத்து எலியின் ஈரல் மாறும் என்றால் கீழாநெல்லியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நெல் உமியோ சோளத்தண்டுத் துகளோ வாங்கி, புழுதி சலித்து, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வைத்துப் பரப்புங்கள்.

குடியாத்தம்_வாசகி | ஜூன் 12, காலை 8.20

எனக்கு இந்தத் துறை தெரியாது. தேடும்போது வந்தேன். படிக்கப் படிக்க மனது கனத்துவிட்டது. குட்டி போட வைத்து, ஈரலைக் கெடுத்து, கடைசியில் கொன்று... இதெல்லாம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை.

திருவலம்_பெரியவர் | ஜூன் 12, காலை 10.00

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. 31 வருடமும் எனக்குள் அது இருந்தது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அரசுக் குழு இருக்கிறது, 1998 முதல் தனி விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கித்தான் ஒரு விலங்கைத் தொடலாம். வேறு வழி இருந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரசல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் எழுதியதைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. கெட்ட தீவனம் தின்று, தந்தை யார் என்று தெரியாமல் பிறந்த 48 குட்டியை வைத்துச் சோதனை செய்தால் அதன் முடிவு குப்பைக்குப் போகும். மறுபடி 48 வேண்டும். அந்த முதல் 48 உயிருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதனால்தான் இந்தத் தங்கச்சியிடம் இவ்வளவு நச்சரிக்கிறோம்.

காட்பாடி_மரபியல் | ஜூன் 12, மதியம் 12.30

பெரியவர் சொன்னதோடு குன்னூரைச் சேர்க்கத் தோன்றுகிறது, ஞாயிற்றுக்கிழமைச் சோறு இன்னும் பேசப்படாமல் நிற்கிறது.

மெக்காரிசன் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் 1920களில் குன்னூரில் எலிகளுக்கு நம் நாட்டின் வெவ்வேறு பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய் சாப்பிட்ட சீக்கியர் சாப்பாட்டு எலிகள் சராசரி 235 கிராம் வந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் 155 கிராம், வரிசையில் கடைசி. வித்தியாசம் சாப்பாட்டால்தான் என்று அவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், எலிகள் எல்லாம் ஒரே வழி, ஒரே வயது, ஒரே மாதிரி வளர்ப்பு. அந்த ஆய்வகம்தான் பின்னால் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

ஆகவே வாரம் ஒரு நாள் வெறும் சோறு என்பது சின்ன விஷயம் இல்லை. ஏழில் ஒரு பங்கு தீனி. சனிக்கிழமை மாலையே இரண்டு நாளுக்கான பெல்லட்டைக் கூண்டுத் தட்டில் நிரப்பிவிடு, போதும்.

அந்த மாடி அறை மூட்டையைத் தூக்கிப் போடு. தீவனம் 21 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் இருந்தால்தான் ஆறு மாதம் என்ற கணக்கே. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கொழுப்பு காறும், அதோடு வைட்டமின் ஈ போகும். எவான்ஸ், பிஷப் என்ற ஆய்வாளர்கள் 1922இல் அந்த வைட்டமினைக் கண்டதே எலி ஈனாததை வைத்துத்தான். பன்றிக்கொழுப்புத் தீவனத்தில் எலி கருத்தரிக்கும், கரு வயிற்றிலேயே கரைந்துவிடும். கோதுமை முளைக்கரு கொடுத்ததும் ஈன்றது. உன் 10 பெண்களில் சில கருத்தரித்து உள்ளேயே கரைந்திருக்கலாம்.

ஆம்பூர்_ஆய்வு | ஜூன் 12, மாலை 4.00

எங்களிடம் கினிப்பன்றியும் உண்டு. அதே எலி பெல்லட்தான் போடுகிறோம்...

வாலாஜா_கால்நடை | ஜூன் 12, மாலை 4.25

வேண்டாம். எலி வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும், கினிப்பன்றியால் முடியாது, நம்மைப் போல. எலித் தீவனத்தில் அது இருக்காது. கினிப்பன்றித் தீவனத்திலும் அரைத்த 90 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். குதிரைமசால், முட்டைக்கோஸ் தினமும் கழுவிப் போடுங்கள்.

சேவூர்_மாணவிக்கு: வெளியிலிருந்து புது ஆண்கள் வாங்கினால் நேரே கூட்டத்தில் விடாதீர்கள். தனி அறையில் இரண்டு வாரமாவது வையுங்கள்.

சேவூர்_மாணவி | ஜூலை 24, காலை 7.30

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனையை செப்டம்பருக்குத் தள்ள ஒத்துக்கொண்டார். பழைய மூட்டைகளை எடுத்துவிட்டோம். மாதத்துக்கு ஒரு மூட்டை மட்டும் வாங்கி ஏசி அறையில் வைக்கிறோம். படுக்கை இப்போது உமி. பக்கத்து அறை மாணவர் தீவன மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை வேலையை நிறுத்தியிருக்கிறார்.

இரண்டு வேறு இடங்களிலிருந்து 8 ஆண் வாங்கி, தனியே வைத்து, ஜூலை 2 அன்று 8 பெண்ணோடு சேர்த்தேன். நேற்று முன்தினத்திலிருந்து 6 பெண்கள் ஈன்றிருக்கின்றன. ஒரு தாய்கூட குட்டியைத் தின்னவில்லை. திறந்து எண்ணக் கை துறுதுறுக்கிறது.

திருவலம்_பெரியவர் | ஜூலை 24, காலை 7.50

மூன்று நாள் தொடாதீர்கள் அம்மா. தண்ணீர் முனையை மட்டும் பாருங்கள்.

சேவூர்_மாணவி | ஜூலை 24, காலை 8.05

பார்த்துவிட்டேன் ஐயா, எல்லாக் குண்டும் அசைகிறது. ஒவ்வொரு கூண்டு அட்டையிலும் அப்பா எண், அம்மா எண், சேர்த்த நாள் எழுதியிருக்கிறேன். குட்டி எண்ணிக்கைக்கான கட்டம் ஞாயிற்றுக்கிழமைவரை காலியாக இருக்கும்.